முகப்புப் பக்கத்தில் ‘அவர்கள்’ யார்?

அகதிகளே தொடங்கி அகதிகளே நடத்தும் நம் அமைப்பின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். லோகோவையும் இணையதளத்தையும் புதிதாக்க முடிவெடுத்திருக்கிறீர்கள். டிசைன் நிறுவனம் அனுப்பிய முதல் வரைவை நானும் பார்த்தேன். பக்க வடிவமைப்பிலும் மொழிபெயர்ப்பிலும் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் நான். அதற்கு முன்னால் இதே அமைப்பின் வாசலில் உதவி கேட்டு நின்றவன். தனியாகச் சொல்லியிருக்கலாம். இதே வேலையில் இறங்கும் மற்ற அமைப்புகளும் படிக்கட்டுமே என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

வரைவு பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முகப்பில் பெரிய எழுத்தில் “அவர்களுக்கு நம்பிக்கை கொடுங்கள்” என்று இருக்கிறதே, யார் அந்த அவர்கள்? கணக்கு எழுதுவது நாம். புதிதாக வந்தவரை வழக்கறிஞரிடம் அழைத்துப் போவது நாம். நள்ளிரவில் போன் அடித்தால் எடுப்பதும் நாம். தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. நன்கொடை தருபவரிடம் ‘நாங்கள் செய்கிறோம்’ என்போம். நேற்று வந்தவரிடம் ‘நாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்போம். தளத்தின் ஒவ்வொரு பக்கமும் இந்த இரண்டில் எதைப் பேசுகிறது என்று முதலில் தீர்மானியுங்கள். நிறமும் எழுத்துருவும் அதற்குப் பிறகு.

லோகோவில் ஒரு கை இன்னொரு கையைத் தூக்கிவிடுகிறது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சின்னத்திலும் ஒரு மனிதரை இரு கைகள் கூரைபோல் காக்கின்றன. அது பாதுகாப்புத் தரக் கடமைப்பட்ட அமைப்பு, அதற்கு அது பொருந்தும். நம் லோகோவில் மேலே இருக்கும் கை யாருடையது? போதாக்குறைக்கு அதே சாயலில் நீலம் வேறு. இதைப் பார்த்துவிட்டு, ஐ.நா. அலுவலகத்திலேயே பதிவு செய்துவிட்டதாக ஒருவர் நம்பி வீட்டுக்குப் போய்விட்டால் அவருடைய வழக்கு என்ன ஆகும்? நீலம் வேண்டவே வேண்டாம்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் முதல்முறையாக அகதிகள் அணி என்று 10 பேர் பங்கேற்றார்கள். அவர்களுக்காக யாரா சைத் என்ற சிரியக் கலைஞர் ஒரு கொடி வடிவமைத்தார். முழுக்க ஆரஞ்சு, குறுக்கே ஒரு கருப்புப் பட்டை, அவ்வளவுதான். கடல் கடந்தபோது அவரே அணிந்திருந்த உயிர்காப்பு அங்கியின் நிறங்கள் அவை. அது அதிகாரபூர்வக் கொடி ஆகவில்லை. அணி ஒலிம்பிக் கொடியின் கீழ்தான் நடந்தது. ஆனாலும் அந்தக் கொடியில் கண்ணீர் இல்லை, முள்வேலி இல்லை, தூக்கிவிடும் கையும் இல்லை. அதற்காக நாமும் ஆரஞ்சைப் பூசிக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நிறத்தை அதை அணிந்தவர் தேர்ந்தெடுத்தார் என்பதைத்தான் சொல்கிறேன்.

அமைப்பின் பெயரிலிருந்து ‘அகதி’ என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்றும் யோசனை வந்திருக்கிறதாம். எனக்கும் அந்தச் சொல்லோடு பழைய சண்டை உண்டு. கதி இல்லாதவர் அகதி. சொந்தமாக ஒரு அமைப்பையே நடத்துகிறவர்களுக்கு என்ன கதியில்லை? ஏதிலி என்றாலும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் 1951ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கை உரிமைகளைக் கட்டி வைத்திருப்பது இந்தச் சொல்லில்தான். புதிதாக வந்தவர் தேடுபொறியில் தட்டுவதும் இதைத்தான். ‘பாலம்’, ‘விடியல்’ என்று யாரும் தேடி வருவதில்லை. சொல் இருக்கட்டும்.

இனி என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்த விஷயம். தளத்தைத் திறந்தால் முழுத்திரை வீடியோ ஓடுகிறது. கீழே நன்கொடை பட்டன், அதன்கீழ் ஆண்டறிக்கை, அதன்கீழ் ஆதரவாளர்களின் லோகோக்கள். ‘உதவி வேண்டுமா?’ என்ற இணைப்பைக் கண்டுபிடிக்க நான் கடைசிவரை உருட்ட வேண்டியிருந்தது. சாம்பல் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 மாறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டுதல். இது அதன் பக்கத்தில்கூட வராது. கீறல் விழுந்த திரை, முடியப்போகும் டேட்டா, பத்து சதவீத சார்ஜ், மறுநாள் காலை நேர்காணல். இப்படி ஒருவர் அந்த வீடியோவைத் தாண்டி வந்துசேர வேண்டும். தொலைபேசி எண் படமாக அல்ல, தொட்டால் அழைப்பு போகும் எழுத்தாக முதல் திரையிலேயே இருக்க வேண்டும். நம் ஆட்களில் பெரும்பாலோர் முகப்பு வழியாக வருவதே இல்லை. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பைத் தொட்டு நேராக உள்பக்கத்தில் இறங்குகிறார்கள். எனவே ஒவ்வொரு உள்பக்கமும் தனித்து நிற்க வேண்டும்.

மொழிகளைப் பற்றி வரைவில் ஒரே வரி: ‘தானியங்கி மொழிபெயர்ப்பு சேர்க்கப்படும்’. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது, எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் குப்பையாக விரிந்த காலத்தைத் தாண்டி வந்தவர்கள் நாம். ஒற்றைக்கொம்பு அதன் எழுத்தை விட்டுப் பிரிந்து, புள்ளிவட்டத்தோடு அநாதையாக நிற்கும் துண்டறிக்கைகளை இன்றும் பார்க்கிறோம். பர்மிய மொழிக்காரர்களுக்கும் இதே கதைதான்: ஜாவ்கி என்ற அவர்களுடைய பழைய எழுத்துருவில் எழுதியது யூனிகோடில் உடையும், மியான்மர் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியதே 2019 அக்டோபரில்தான். அரபுப் பக்கங்களிலும், ஆப்கானியர்களின் தாரி, பஷ்தூ பக்கங்களிலும் எழுத்து மட்டுமல்ல, மெனு, அம்புக்குறி, படிவம் எல்லாமே வலமிருந்து இடமாகத் திரும்ப வேண்டும். அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நிற்கும் போஸ்டரை அடித்து ஒட்டிய பெரிய அமைப்புகள் உண்டு. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர்கூட அந்த அறையில் இருந்திருக்க மாட்டார். நம் அறையில் இருக்கிறார்கள். கேட்டால் போதும். சட்ட விஷயங்களில் மட்டுமாவது இயந்திரத்தை நம்ப வேண்டாம். ‘புகலிடம் கோருபவர்’ (முடிவுக்குக் காத்திருப்பவர்) என்பதும் ‘அகதி’ (அப்படி ஏற்கப்பட்டவர்) என்பதும் ஒன்றாகிவிட்டால் ஒருவருடைய விண்ணப்பமே தடம் மாறும்.

படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ கட்டாயமாம். தலையெழுத்தோடு பெயர் எழுதும் நமக்கா இந்தக் கட்டத்தின் தொல்லை தெரியாது? அதில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, ஊரெல்லாம் அப்பா பெயராலேயே கூப்பிடப்பட்டவன் நான். பிறந்த தேதிக்கு ஆவணம் இல்லாததால் ஜனவரி 1 என்று எழுதப்பட்டவர்கள் நம்மிடம் எத்தனை பேர்! முதல் தொடர்புக்கு ஒரு பெயர், ஒரு எண், பேசும் மொழி. மற்றதெல்லாம் நேரில்.

புகைப்படங்களில் நான் கண்டிப்பானவன். உதவி வாங்க வந்த இடத்தில் நீட்டப்பட்ட ஒப்புதல் தாளில் போட்ட கையெழுத்தை ஒப்புதல் என்று என்னால் ஏற்க முடியாது. மறுத்தால் உதவி நின்றுவிடுமோ என்ற பயத்தில் போட்டது அது. இங்கே சிரிக்கும் முகத்தால், ஊரில் இருக்கும் தம்பியின் வீட்டுக் கதவு தட்டப்படலாம். படக்கோப்புக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகூட ஒளிந்திருக்கும். ஏற்றும் முன் அதை நீக்க வேண்டும். தளத்திலிருந்து பின்னால் எடுத்தாலும் இணையக் காப்பகங்களில் பிரதி தங்கிவிடலாம் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் நெருக்கடி புரியாமல் இல்லை. உள்ளூர் அமைப்புகளுக்கு 2020க்குள் மனிதாபிமான நிதியில் 25 சதவீதம் என்று, நிதி தரும் நாடுகளும் பெரிய உதவி அமைப்புகளும் சேர்ந்து செய்த கிராண்ட் பார்கெய்ன் ஒப்பந்தத்தில் 2016இல் வாக்குக் கொடுத்தார்கள், இலக்கு எட்டப்படவில்லை. நம்மைப் போன்றவர்களிடம் “உங்களால் கணக்குக் காட்ட முடியுமா?” என்ற சந்தேகம்தான் முதலில் வருகிறது. அதற்கு மெருகான தளம் ஒரு பதில் என்று நினைக்கிறீர்கள், தப்பில்லை. நிதி தருவோருக்குத் தனியாக நல்ல பக்கம் ஒன்று போடுங்கள். தணிக்கை அறிக்கை, குழுவினர் பட்டியல் எல்லாம் அங்கே. ஆனால் வாசல் அவர்களுக்கானது அல்ல.

சாவி விஷயம் ஒன்று பாக்கி. நான் முன்பு உதவிய வேறொரு அமைப்பில், டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, ஒரு தன்னார்வலரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அவர் போய்விட்டார், புதுப்பிக்க ஆளில்லை, முகவரி கைமாறியது. துண்டறிக்கையில் அச்சிட்ட முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வந்தது. டொமைன், ஹோஸ்டிங், லோகோவின் மூலக்கோப்பு மூன்றும் அமைப்பின் பெயரில் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பழைய பக்க முகவரிகள் எல்லாம் புதியவற்றுக்குத் திருப்பிவிடப்பட வேண்டும். வழக்குக் கோப்புகளில் ஒட்டியிருப்பது பழைய முகவரிதான்.

அடுத்த கூட்டத்தில் வரைவை ஓட்டுக்கு விடப் போவதாகக் கேள்விப்பட்டேன். அன்று புரொஜெக்டர் வேண்டாம். போன மாதம் வந்தவர்களில் இரண்டு பேரை அழையுங்கள், அவர்கள் போனிலேயே திறக்கச் சொல்லுங்கள், நம் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அருகில் உட்கார்ந்து பாருங்கள். யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. நான் பின்வரிசையில் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்