ஹாஷிமோட்டோ என்றதும் அத்தோடு விடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கழுத்து வீக்கத்தோடு வருபவருக்கு ரத்தத்தில் டி.பி.ஓ. ஆன்டிபாடி (தைராய்டுக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) கூடுதலாக இருந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் 'ஹாஷிமோட்டோ அழற்சி' என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறோம். பெரும்பாலோருக்கு அது சரியான முடிவுதான். ஆனால் தைராய்டில் அதிகம் காணப்படும் 'பாப்பிலரி' புற்றுநோயில் 'டிஃப்யூஸ் ஸ்கிளரோசிங்' என்ற அரிய வகை, அழற்சியைப் போலவே தோற்றம் காட்டும். பல சமயம் அதனுடன் சேர்ந்தே இருக்கும்.

இந்த வகை பெரும்பாலும் தனிக் கட்டியாகத் திரளுவதில்லை. ஒரு மடலிலோ இரண்டிலுமோ பரவிச் சுரப்பியையே கெட்டியாக்கிவிடும். இளம் பெண்களிடம் அதிகம். திசுவில் நார்ப்பெருக்கமும் லிம்போசைட் எனும் வெள்ளை அணுக்களும் சம்மோமா எனும் நுண்ணிய சுண்ணாம்பு உருண்டைகளும் நிறைந்திருக்கும். ரத்தத்தில் ஆன்டிபாடி இருப்பதால் புற்றுநோய் இல்லை என்று சொல்ல முடியாது.

துப்பு கொடுப்பது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். சுரப்பி முழுக்கப் பனி தூவியதுபோல் நுண்ணிய வெண்புள்ளிகள் தெரியும். வெறும் ஹாஷிமோட்டோவில் சுரப்பி கருமையாகவும் திட்டுத்திட்டாகவும் தெரியும். இப்படிப் புள்ளிகள் இறைந்து கிடப்பது வழக்கமில்லை. கழுத்தின் இரு பக்க நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) அதே அமர்வில் பார்த்தாக வேண்டும், ஏனெனில் கண்டுபிடிக்கும்போதே பலருக்கு அங்கே பரவியிருக்கும். '1 செ.மீ. கட்டி இல்லை, ஊசிப் பரிசோதனை வேண்டாம்' என்ற கணக்கு இங்கே உதவாது.

புள்ளிகள் அடர்ந்த இடத்திலும் சந்தேகமான நெறியிலும் ஊசி போட்டுச் செல்களை எடுத்துப் பார்க்க வேண்டும். நெறியில் போட்ட ஊசியை 1 மி.லி. சலைனில் அலசி அதில் தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் உண்டாக்கும் புரதம்) அளப்பது நல்லது. லிம்போசைட் மட்டும் கிடைத்து 'அழற்சி' என்று முடிவு வந்தாலும், ஸ்கேன் சந்தேகமாக இருந்தால் மறுபடி எடுக்கத் தயங்கக் கூடாது. தவறு அதிகம் நேர்வது இந்தக் கட்டத்தில்தான்.

அறுவைக்குப் பின்னும் ஒரு கவனம் வேண்டும். தைரோகுளோபுலின் எதிர் ஆன்டிபாடி இருந்தால், பரவலாகச் செய்யப்படும் சோதனைகளில் தைரோகுளோபுலின் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். எனவே இரண்டையும் ஒரே ரத்த மாதிரியில், எப்போதும் ஒரே ஆய்வகத்தில் அளக்க வேண்டும். ஆன்டிபாடி ஆண்டுக்கு ஆண்டு இறங்கினால் நல்ல அறிகுறி. ரேடியோ அயோடின் சிகிச்சைக்குப் பின் சில மாதங்கள் தற்காலிகமாக ஏறலாம். அதன் பிறகும் ஏறிக்கொண்டே போனால் கழுத்தை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். பயோட்டின் எனும் வைட்டமின் மாத்திரை சோதனை முடிவைக் குழப்பலாம்; அதைச் சாப்பிடுபவர்கள் சோதனைக்கு 2 நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

ஸ்கேன் அறிக்கை எழுதும் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'தைராய்டிடிஸ்' என்று மட்டும் எழுதாமல், சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா இல்லையா, பக்க நெறிகள் பார்க்கப்பட்டனவா என்பதையும் தயவுசெய்து குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நோய்க்குறியியல் மருத்துவர்கள் சிலர்