எண்ணெய்க் கணக்கு

வில்லிவாக்கம்
16.8.2020

அன்புள்ள கண்ணம்மா,

போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அப்புறம் நான் எங்கே வாயைத் திறப்பது? இன்று ஞாயிறு, முழு ஊரடங்கு. சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்.

“அஞ்சு மாசமா ஓட்டல் சாப்பாடே இல்லை, வெளியில ஒரு டீகூட இல்லை, எல்லாம் உன் கைச் சமையல்தான். பின்ன எப்படிம்மா அப்பாவுக்குச் சுகர் ஏறிச்சு?” என்று கேட்டாயே. சுகரின் மூன்று மாதச் சராசரி 7.2 இருந்தது, இப்போது 8.6. என் கைச் சமையல்தான் ஏற்றிவிட்டது என்று அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை.

நீ கேட்ட பிறகு மளிகை நோட்டைப் புரட்டினேன். பிப்ரவரியில் எண்ணெய் 3 லிட்டர். மே மாதம் ஐந்தரை. அதில் ரேஷனில் இலவசமாகக் கொடுத்த ஒரு லிட்டரைச் சேர்க்கவில்லை. மைதா என்ற வார்த்தையே நோட்டில் தீபாவளிக்குத்தான் வரும். ஏப்ரலில் மட்டும் மூன்று தடவை எழுதியிருக்கிறேன். உன் தம்பி யூடியூப் பார்த்துப் பரோட்டா வீசக் கற்றுக்கொண்ட மாதம் அது. முதல் பரோட்டா அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஐந்தாவது நாள் நன்றாகவே வந்துவிட்டது, அதுதான் வினை. நாலு மணி ஆனால் மூன்று பேரும் வீட்டில். அப்பாவும் தம்பியும் ஆளுக்கு ஒரு தடவை அடுக்களையை எட்டிப் பார்ப்பார்கள். பயமும் சலிப்புமாக இருந்த வீட்டில் வாணலி காய்கிற சத்தம் கேட்டால் கொஞ்சம் கலகலப்பு வரும். நானும் அதற்காகவே அடுப்பைப் பற்றவைத்தேன் என்று வைத்துக்கொள்.

ஆனால் பஜ்ஜியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். காய் போனதுதான் பெரிய விஷயம். ஊரடங்குக்கு முன்னால் அப்பா தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடப்பார். அன்றன்றைக்குக் கால் கிலோ அவரைக்காய், ஒரு கட்டு கீரை. அவர் நடையும் அதுதான், நம் வீட்டுக் காயும் அதுதான். இரண்டும் ஒரே நாளில் நின்றன. கடை மதியம் ஒரு மணி வரைதான், அங்கேயும் கூட்டம். வாரத்துக்கு ஒருமுறை வாங்கி வை என்றான் உன் தம்பி. வாரத்துக்கு வாங்கினால் எது தாங்கும்? உருளை, வெங்காயம், சேனை. கீரை மறுநாளே மஞ்சளாகிவிடும். ஏப்ரல் 26-லிருந்து நாலு நாள் முழு ஊரடங்கு என்றதும் முந்தின நாள் ஊரே கடையில் நின்றது. தம்பி ஐந்து கிலோ உருளையோடு வந்தான். மே 5-இல் கோயம்பேடு மொத்தக் காய் மார்க்கெட்டையும் மூடினார்கள். அப்புறம் மார்க்கெட் திருமழிசைக்குப் போனது. நீ பெங்களூரிலிருந்து வரும்போது பூந்தமல்லிக்கு முன்னால் தாண்டுவாயே, அதே இடம்தான். அங்கிருந்து காய் வந்து தெருவண்டியில் ஏறும்போது பீன்ஸ் விலையைக் கேட்டாலே திரும்பவும் உருளைதான் வாங்கத் தோன்றும். காய் குறைந்த தட்டில் சோறு தானாக ஏறிவிட்டது. அப்பா மூன்றாவது கரண்டி கேட்டபோது நான் மறுக்கவில்லை.

கோழி, முட்டை கதை உனக்கே தெரியும். கோழி தின்றால் கொரோனா என்று மார்ச்சில் கிளம்பிய வதந்தியை நம்பி, விலை சல்லிசாக இருந்தபோது அப்பா வாங்காமல் விட்டார். நாமக்கல்காரர்கள் கண்ணீர் விட்ட நேரம் அது.

நம் வீட்டில் வேலை செய்யும் தேவி போன மாதம் திரும்பி வந்தாள். சம்பளத்தை நான் நிறுத்தவில்லை, ஆனால் அவள் வீட்டுக்காரருக்குக் கட்டட வேலை சுத்தமாக இல்லை. “அரிசிக்குக் குறையில்லக்கா, ரேஷன்ல குடுத்தாங்க. ரசமும் சோறும்தான்” என்றாள். அவள் சின்ன மகளுக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. பள்ளியை மூடியதும் அந்த முட்டையும் நின்றுபோனது. நாங்கள் இங்கே நாலு மணிக்குப் பலகாரம் தின்று சுகரை ஏற்றிக்கொண்டிருந்தோம். அவளிடம் அப்பாவின் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேச வெட்கமாக இருந்தது. இப்போது முட்டை வாங்கும்போது அவளுக்கும் சேர்த்து வாங்குகிறேன். பெரிதாக எழுதுவதற்கு ஒன்றுமில்லை, நோட்டில் கணக்கு கூடியிருப்பதைப் பார்த்து நீ கேட்பாய் என்பதால் சொல்கிறேன்.

டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். அப்பா காலையில் மொட்டைமாடியில் முக்கால் மணி நேரம் நடக்கிறார், தொட்டியைச் சுற்றிச் சுற்றி. மைதாவை நிறுத்திவிட்டேன். தம்பிக்குக் கோபம்.

ஊர் விட்டு ஊர் வர வாங்க வேண்டிய இ-பாஸ் அனுமதி, நாளையிலிருந்து விண்ணப்பித்த உடனே கிடைக்குமாம். வருவதானால் வா, ஆனால் மைசூர்பாகு டப்பாவோடு வராதே. நான் எழுதியதை அப்பாவிடம் காட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

செங்குன்றம் பக்கத்திலிருந்து வருமே அந்தக் கீரைக்காரம்மா, பஸ் இல்லாததால் மார்ச்சிலிருந்து ஆளையே காணோம். வியாழக்கிழமை மகன் வண்டியில் கொண்டுவந்து விட்டான். அரைக்கீரை கட்டு இருபது ரூபாய் என்றாள். ஐந்து ரூபாய்க்குச் சண்டை போடுகிறவள் நான், பேசாமல் நாலு கட்டு வாங்கிவிட்டேன். அப்பா டிவி முன்னால் முறத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஆய்ந்தார். பாதித் தண்டு அப்படியே இருந்தது, திரும்ப நான்தான் ஆய்ந்தேன்.

எழுந்துவிட்டார் போலிருக்கிறது, இருமல் கேட்கிறது. பயப்படாதே, வழக்கமான இருமல்தான்.

அம்மா