கணுக்காலுக்கு எட்டாத மரம்

காவேரிப்பட்டணம்,
ஆடி 22

அன்பு முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் மகள் வீட்டில் சௌக்கியம்தானே? நார்வேயின் வடகோடி, அந்த ட்ரோம்சோவில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் என்று எழுதியிருந்தாய். என் வீட்டுக்காரி நம்பவில்லை. "முருகேசன் அண்ணன் எப்பவும் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்வார்" என்கிறாள்.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகவில்லை, அந்தக் கூட்டத்தில் நிற்க இப்போது கால் ஒத்துழைப்பதில்லை. மாங்காய் சீசனும் முடிந்தது. பூ இரண்டு தவணையாக வந்தது. முதல் பூ மாசி மழையில் கருகிப்போனது. இரண்டாவதில் பிடித்த காய் தேறுவதற்குள் மாங்கூழ் ஆலைக்காரர்கள் விலையை இறக்கிவிட்டார்கள். சரி, அதை ஆரம்பித்தால் கடிதம் முழுக்க அதுவாகத்தான் இருக்கும்.

உன் போட்டோவுக்கு வருகிறேன். "மலைமேல் ஏறினேன், காலடியில் பாசி மாதிரி ஏதோ" என்று அனுப்பினாயே, அது பாசி இல்லையடா, மரம்! வில்லோ சாதி, சாலிக்ஸ் ஹெர்பேசியா. தண்டும் கிளையும் மண்ணுக்குள்ளேயே ஓடும். வெளியே தெரிவது இரண்டு மூன்று வட்ட இலைதான். உலகத்திலேயே மிகச் சிறிய மரங்களில் ஒன்று. அதன்மேல் நின்றுகொண்டுதான் நீ போட்டோ எடுத்திருக்கிறாய்.

இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. முப்பத்தோரு வருஷம் தாவரவியல் நடத்தினவன் நான். தூந்திரத்துக்கு, அதாவது வடதுருவப் பக்கத்துக் குளிர்நிலத்துக்கு, நான் கொடுத்த நோட்ஸ் இரண்டே வரி: "மரங்கள் இல்லை. மாஸ்கள், லைக்கன்கள், குட்டைப் புதர்கள் காணப்படும்." மாஸ் என்றால் பாசி, லைக்கன் பாறையிலும் மண்ணிலும் ஒட்டி வளர்வது. அதற்கு இரண்டு மதிப்பெண். அதற்குமேல் எந்தப் பையனும் கேட்கவில்லை, நானும் புரட்டிப் பார்க்கவில்லை. உன் போட்டோ வந்த நாளிலிருந்து ஒரு மாதமாகப் படிக்கிறேன். அந்த இரண்டு வரியும் இப்போது நிற்காது.

1979-லிருந்து கணக்குப் பார்த்தால் ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. செடிகள் இதற்கு என்ன செய்யும் என்று பார்க்க 1990-ல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூடி ஒரு திட்டம் போட்டார்கள். செலவில்லாத யோசனை. செடிகளைச் சுற்றி ஒரு கூண்டு: ஆறு பக்கமும் உள்நோக்கிச் சாய்ந்த ஃபைபர் தகடு, மேலே திறப்பு, கரன்ட் தேவையில்லை. காற்றைத் தடுத்து, வெயிலைப் பிடித்து, உள்ளே 1 முதல் 3 டிகிரி வரை கூடும். இதே மாதிரிக் கூண்டை அலாஸ்காவிலும் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளிலும் இன்னும் பல இடங்களிலும் வைத்தார்கள். உள்ளே புதர்களும் புற்களும் உயர்ந்தன, மாஸும் லைக்கனும் குறைந்தன. மேலே நிழல் விழுந்தால் லைக்கன் தாங்காது. குளிர்காலத்தில் அங்கத்திய கலைமானுக்கு (ரெயின்டீர்) முக்கியத் தீனி அதுதான்.

கூண்டுக்கு வெளியிலும் இதே கதைதான். 1940-களில் எண்ணெய் தேட அலாஸ்காவின் வடசரிவை விமானத்திலிருந்து படம் எடுத்திருந்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து அதே இடங்களை மறுபடி எடுத்து ஒப்பிட்டால், ஆல்டர், வில்லோ, குட்டை பிர்ச் என்ற புதர்கள் பல சரிவுகளில் அடர்ந்திருந்தன.

எனக்குப் பிடித்துப்போனது பனி விஷயம். புதர் கொஞ்சம் நிமிர்ந்தால், காற்றில் பறக்கிற பனி அதில் சிக்கிக் குவிகிறது. குவிந்த பனி கம்பளிதான். அடியில் மண் அவ்வளவாக விறைக்காது, நுண்ணுயிர்கள் குளிரிலும் வேலை செய்யும், சத்து விடுபடும். அடுத்த கோடையில் அந்த உரத்தைத் தின்று புதர் இன்னும் வளரும். திருட்டுப்பயல்! கோடையில் அதே புதரின் நிழல் மண்ணைக் குளிர்விக்கவும் செய்கிறது என்பதால், புதர் மண்ணைச் சூடாக்குமா குளிர்விக்குமா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. விளையாட்டு விஷயமும் இல்லை. அங்கே வருஷம் முழுக்க உறைந்து கிடக்கும் மண்ணுக்குள் இருக்கும், இளகினால் வெளியேறக்கூடிய கார்பன் காற்றில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அஞ்செட்டிக் காட்டில் உன்னிச்செடி புல்லை மூடியது ஞாபகத்துக்கு வருகிறது. நாம் பையன்களாக மாடு ஓட்டிப்போன பாதை இப்போது இல்லை. ஆனால் உன்னி கடல் தாண்டி வந்தது. வில்லோவும் பிர்ச்சும் அந்த மண்ணின் செடிகள். அவற்றை எப்படித் திட்டுவது? கலைமான் மேய்கிற இடத்தில் புதர் அவ்வளவு சுலபமாக ஏறுவதில்லையாம். ஆடு நுழைந்த கொல்லை மாதிரி என்று வைத்துக்கொள்.

அப்புறம் இன்னொரு செடி. பிஸ்டோர்ட்டா விவிபாரா. உன் பக்கத்திலேயே இருக்கும், வெள்ளைக் கதிர்போலப் பூக்கும், கதிரின் கீழ்ப்பாதியில் பூவுக்குப் பதில் குட்டிக் குமிழ்கள். ரணகள்ளி இலை விளிம்பில் குட்டி போடுவதை வகுப்பில் காட்டுவேனே, அதே வேலை. இதன் பூங்கதிர் மண்ணுக்குள் மொட்டாகத் தோன்றி வெளியே வர நான்கு வருஷம் ஆகிறது. இந்தக் கோடை எவ்வளவு சுட்டாலும், இந்தக் கோடையில் பூக்கும் கதிரின் எண்ணிக்கை முன்பே ஒருவிதமாகத் தீர்மானமாகிவிட்டது. நம் மாமரமும் போன மழையில் விட்ட தளிர் முற்றினால்தான் தையில் பூக்கிறது. அது சில மாதக் கணக்கு, இது நான்கு வருஷக் கணக்கு. கூண்டை வைத்த மறுவருஷமே முடிவு சொல்ல முடியாமல் அந்த ஆராய்ச்சியாளர்கள் முப்பது வருஷத்துக்கும் மேலாக அளந்துகொண்டிருப்பது இதனால்தான் என்று எனக்குப் புரிந்தது.

திரும்பி வருவதற்குள் இன்னொரு தடவை மலை ஏறினால் ஒரு வேலை செய். அந்த இலைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்துப் படம் எடு. போன படத்தில் உன் ஷூ முனை மட்டும்தான் தெரிகிறது, அளவு பிடிபடவில்லை. செடியைப் பிடுங்கிவிடாதே. தங்கச்சி கேட்ட ராகி மாவு அரைத்துவைத்திருக்கிறேன், ஆவணியில் நீங்கள் வந்ததும் தருகிறேன்.

உன்,
கோவிந்தன்