நோவையில் நல்ல சுஷி தேடும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மண்டபத்தில் விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கிறது. ஜூன் 14 வரை இப்படித்தான். நாட்டுப்படகில் பிடித்து வருவதுதான் மார்க்கெட்டுக்கு வருகிறது, அதற்குச் சொல்லும் விலையைக் கேட்டு உன் அம்மா பல நாள் வெறுங்கூடையோடு திரும்பிவிடுகிறாள்.

போனில் நீ கேட்டாயே, அமெரிக்காவில் நீ இருக்கும் நோவை ஊரில் வீட்டைச் சுற்றி இத்தனை ஜப்பான் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, சோற்றோடு பச்சை மீன் வைக்கும் சுஷிக்கு எதை நம்பிப் போவது என்று. நான் வாய் திறப்பதற்குள் உன் அம்மா போனை வாங்கி, பச்சை மீனைத் தின்றால் பிள்ளை வயிறு என்னத்துக்கு ஆகும் என்று ஆரம்பித்துவிட்டாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவளுக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

பச்சை மீன் என்றதும் நீ பயப்படவும் வேண்டாம், நம் சொந்தக்காரர்களிடம் சொல்லக் கூச்சப்படவும் வேண்டாம். உன் படிப்புக்குக் கட்டிய பணம் ஜப்பான்காரர்கள் சாப்பிட்ட கணவாயில் வந்த பணம்தான் தாயி. நான் மீன் ஏற்றுமதிக் கம்பெனிக்குச் சரக்கு பார்த்த காலத்தில் மண்டபத்திலும் பாம்பனிலும் ஓட்டுக்கணவாயை ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, ராத்திரியோடு ராத்திரியாகத் தூத்துக்குடிக்கு ஏற்றிவிடுவோம். அங்கே பெண்கள் ஓட்டை உருவி, மைப்பை உடையாமல் குடலை எடுத்து, தோலை உரித்து, ஐஸ் தண்ணீரில் அலசி, எடைவாரியாகப் பிரித்து உறையவைப்பார்கள். மைப்பை உடைந்தால் வெள்ளைச் சதையில் கறை ஏறிவிடும். அப்புறம் அந்தத் துண்டுக்கு விலை கிடையாது.

வாங்குகிற இடத்திலிருந்து சோதனைக்கு ஆள் வரும். அதில் ஒருவர் அதிகம் பேசமாட்டார். உறைந்த கட்டியிலிருந்து ஒன்றைப் பிரித்து, உப்புப் போட்ட ஐஸ் தண்ணீரில் இளக்குவார். பெருவிரலால் அழுத்துவார், அமுங்கின இடம் எழும்பி வர வேண்டும். டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், எங்காவது லேசாக ரோஸ் நிறம் தட்டியிருந்தாலும் தனியே தள்ளிவிடுவார். முகர்ந்து பார்ப்பார். கடைசியாகக் கத்தியால் ஒரு கீற்று சீவி அப்படியே வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். மேசை ஓரத்தில் நிற்கும் பெண்களுக்குச் சிரிப்பு அடங்காது. அவர் சரி என்று தலையாட்டிவிட்டால் அதே பெண்கள் பெருமையோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஜப்பானில் அவர்கள் பச்சையாகச் சாப்பிட்டது நாங்கள் உறையவைத்து அனுப்பிய சரக்கு. உறைந்த மீன் மட்டம், ஐஸில் கிடக்கும் மீன்தான் உசத்தி என்று நம் ஊரில் நினைப்பதை நோவைக்குக் கொண்டுபோகாதே. நீ இருக்கும் மிச்சிகனுக்குக் கடல் எங்கே இருக்கிறது? மீன் பிடித்த அன்றே முறையாக உறையவைத்து, நடுவில் இளகாமல் வந்து, கடையில் பக்குவமாக இளக்கினால் அதுதான் உனக்கு நல்ல மீன். டூனா என்கிற நம் சூரை வகை மீனை ஜப்பான் கப்பல்களிலேயே மைனஸ் 60 டிகிரியில் உறையவைத்துக் கொண்டுவருகிறார்கள். பேர்பெற்ற கடைகளிலும் அந்தச் சரக்கு புழங்குகிறது.

பச்சை மீனால் வயிற்றுக்குள் போகக்கூடிய புழுவுக்கும் இந்தக் குளிர்தான் மருந்து. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மைனஸ் 35 டிகிரியில் கட்டியாக உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம் வைக்க வேண்டும். பெரிய டூனா வகைகளுக்கும், புழுவுக்கு வழியில்லாத தீவனம் போட்டுப் பண்ணையில் வளர்க்கும் சால்மனுக்கும் விலக்கு உண்டு. ஆகவே ‘உறையவைக்காத மீன்’ என்று ஒரு கடை பெரிதாக எழுதிப் போட்டிருந்தால் நான் அங்கே கொஞ்சம் தயங்குவேன். ‘சுஷி கிரேடு’ என்று எழுதியிருப்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அமெரிக்கச் சட்டத்தில் அந்தப் பெயருக்கு வரையறை எதுவும் இல்லை. விற்கிறவர் தாமாக ஒட்டிக்கொள்வதுதான்.

சரி, கடையை எப்படிக் கண்டுபிடிப்பது. உள்ளே போனதும் இன்றைக்கு எது நன்றாக இருக்கிறது என்று கேள். எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொன்னால் ஒரு சூப்பைக் குடித்துவிட்டு வந்துவிடு. இன்றைக்கு இது வரவில்லை, அது அவ்வளவு சரியில்லை, இதைச் சாப்பிடுங்கள் என்று சொல்கிற கடையை விடாதே. மீன் வியாபாரத்தில் இத்தனை வருஷம் நின்ற எனக்கு இதைவிடப் பெரிய அடையாளம் தெரியாது. இல்லை என்று சொன்னால் அன்றைய வியாபாரம் போகும் என்று தெரிந்தும் ஒருவன் இல்லை என்கிறான் என்றால், இருக்கிறது என்று அவன் சொல்வதை நம்பி வாயில் வைக்கலாம். எந்தெந்தக் கிழமை மீன் வருகிறது என்றும் கேள். சலிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

நோவையில் உனக்கு ஒரு வசதி இருக்கிறது. டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஜப்பான் கம்பெனிகள் அந்தப் பக்கம் நிறைய. அதனால் குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கும் ஜப்பான்காரர்களும் அதிகம். அவர்களுக்கு விளம்பரம் தேவையில்லை, எங்கே சாப்பிட வேண்டும் என்று தெரியும். வேலை நாளில் மத்தியானம் போய்ப் பார். அவர்கள் வீட்டுச் சாப்பாடு மாதிரி சோறு, சூப், ஒரு மீன், கொஞ்சம் ஊறுகாய் என்று தட்டில் வைத்துத் தருகிற கடையில் ஜப்பான்காரர்கள் பேச்சில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அது நல்ல கடை. உன் ஆபீஸில் கூட வேலை செய்யும் ஜப்பான் பெண்ணிடமும் கேள். சுஷிக்கு எங்கே என்று கேட்காதே, ஊர் ஞாபகம் வந்தால் எங்கே போவீர்கள் என்று கேள்.

அதற்காக, கடைக்காரர் ஜப்பான்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதே. அமெரிக்காவில் எத்தனையோ சுஷிக் கடைகளைக் கொரியாக்காரர்களும் சீனாக்காரர்களும் நடத்துகிறார்கள். கை சுத்தமும் கத்தி சுத்தமும் எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து இல்லை. பலகையைத் துடைக்கும் துணி எப்படி இருக்கிறது, மீனை வெட்டி முடித்ததும் மிச்சத்தை உடனே குளிரில் வைக்கிறார்களா, கடைக்குள் மீன் வாடை அடிக்கிறதா, இவ்வளவு பார்த்தால் போதும். நல்ல சுஷிக் கடையில் மீன் வாடை இருக்காது. வாடை அடித்தால் மெனு கார்டைத் தொடாமலே எழுந்து வா. கட்டின காசுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று தட்டுகளில் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் பச்சை மீன் வேண்டவே வேண்டாம், அது எத்தனை மணிக்கு வெட்டியது என்று யாருக்கும் தெரியாது.

மீனுக்கு முன்னால் சூப்பைக் குடித்துப் பார். ஜப்பான்காரர்கள் புளித்த சோயா விழுதைக் கரைக்கும் மிசோ சூப்புக்கு அடித்தண்ணீர் ஒன்று காய்ச்சுவார்கள், தாஷி என்று பெயர். கொம்பு என்கிற கடல்பாசியும், கட்சுவோபுஷி என்கிற காய்ந்த சூரை மீனைச் சீவின சீவலும் போட்டு இறக்குவது. அந்த மீனைப் பார்த்தால் நீ அசந்துபோவாய். நம் மாசிக்கருவாட்டின் அண்ணன் தம்பிதான். வரிச்சூரையை அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரி காயவைக்கிறார்கள். அதற்கு மேல் பூஞ்சணம் பிடிக்கவைத்து வெயிலில் போடும் வேலையும் அவர்களிடம் உண்டு. மாலத்தீவிலிருந்து வந்த மாசியை இடித்துக் கீழக்கரை வீடுகளில் சம்பல் செய்வார்களே, பெரியம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நீ கேட்டுச் சாப்பிடுவாயே, அந்த வாசனை சூப்பில் மெல்லிசாக இருக்க வேண்டும். வெறும் உப்பும் பொடியும்தான் தெரிகிறது என்றால், சூப்புக்கே மெனக்கெடாதவர்கள் மீனுக்கு மட்டும் மெனக்கெடுவார்களா? உன் பக்கத்து வீட்டுச் சைவக்காரர்களை அழைத்துக்கொண்டு போனால் இதை முதலிலேயே சொல்லிவிடு. மேலே மிதப்பது பாசியும் சோயா கட்டியும்தான் என்றாலும் தண்ணீரில் மீன் இருக்கும்.

அடுத்தது சோறு. சுஷியில் பாதிக்கு மேல் சோறுதான், ஆனால் எல்லோரும் மீனையே பார்க்கிறார்கள். வினிகரும் சர்க்கரையும் உப்பும் சேர்த்த குட்டை அரிசிச் சோறு, நம் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். விரலால் எடுத்தால் உதிரக் கூடாது, வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும். ஜில்லென்று விறைத்திருந்தால் பிரிட்ஜிலிருந்து வந்தது. அங்கே இரண்டாம் தடவை போகாதே. கைபடாமல் குச்சியால்தான் சாப்பிட வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. சோற்றின் மேல் மீன் வைத்த நிகிரியை ஜப்பானிலேயே கையால் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். மாப்பிள்ளை குச்சியோடு கஷ்டப்பட வேண்டாம். சோயா சாஸை மீன் பக்கம் தொட்டுக்கொள்ளச் சொல், சோற்றுப் பக்கம் தொட்டால் கரைந்து கொட்டிவிடும்.

டூனா வாங்கும்போது நிறத்தைக் கவனி. ரோஸ் கலந்த பளிச்சென்ற சிவப்பில், எவ்வளவு நேரமானாலும் மாறாமல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு வாயுவைக் காட்டி நிறத்தை நிறுத்தியதாக இருக்கலாம். அமெரிக்காவில் அதற்கு அனுமதி உண்டு, ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் தடை. வாயுவால் கெடுதல் என்பதைவிட, கெட்ட மீனும் நல்ல மீன் மாதிரித் தெரியும் என்பதுதான் சங்கடம். சூரை வெட்டினால் சிவப்பு எப்படிக் கொஞ்ச நேரத்தில் கருத்துப்போகும் என்று நீ சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறாய், அந்தக் கண்ணை நம்பு. ‘வொயிட் டூனா’ என்று மெனுவில் இருந்தால் என்ன மீன் என்று பெயரைக் கேள். பல கடைகளில் அது எஸ்கோலார் என்கிற வேறு மீன். அதன் கொழுப்பு மனுஷ வயிற்றில் செரிக்காது, சிலருக்கு எண்ணெயாகப் போய்விடும். ஜப்பானில் அதை விற்கவே விடுவதில்லை.

மிச்சிகனைச் சுற்றி இருக்கும் ஏரி மீனைப் பச்சையாக யார் கொடுத்தாலும் வேண்டாம். நன்னீர் மீனில் நாடாப்புழு வரும். பொரித்துச் சாப்பிடு, குழம்பு வை, நன்றாக இருக்கும்.

பேரனுக்கு இப்போதைக்குப் பச்சை கொடுக்காதே. சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சை மீன் வேண்டாம் என்றுதான் அங்கே டாக்டர்களும் சொல்கிறார்கள். இந்த ஒரு வரிக்கு உன் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவனுக்கு வெந்ததே நிறைய இருக்கிறது. வெந்த இறால் வைத்த சுஷி, இனிப்பான முட்டை வைத்தது, விலாங்கு சுட்டது, உடோன் நூடுல்ஸ் எல்லாம் கொடு. முட்டையை நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார். மடிப்பு மடிப்பாகக் கருகாமல் சுட்டு எடுக்கப் பொறுமை வேண்டும், சமைக்கிறவர் கை அதில் தெரிந்துவிடும். கலிபோர்னியா ரோல் என்கிற சுஷியில் இருப்பது நண்டு என்று அவனிடம் சொல்லிவிடாதே. பெரும்பாலும் மீன் சதையைக் கழுவி அரைத்துச் சாயம் பூசிச் செய்த சுரிமி அது. கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் நம் நீலக்கால் நண்டைத் தின்று வளர வேண்டிய பிள்ளை அதுதான் நண்டு என்று நினைத்துவிடக் கூடாது. நம் பாக் நீரிணை நண்டுச் சதையும் டப்பாவில் அடைத்து அமெரிக்காவுக்குத்தான் வருகிறது, கடையில் கண்ணில் பட்டால் வாங்கு.

சனிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளைக்கு லீவு என்றாயே, அன்றைக்குப் போய் வாருங்கள். கணவாய் இருந்தால் கட்டாயம் வாங்கிச் சாப்பிடு. மொறுமொறுவென்று ஆரம்பித்து அப்புறம் இனிக்க வேண்டும், ரப்பர் மாதிரி இழுக்கக் கூடாது. எங்கிருந்து வந்த சரக்கு என்று கேட்டு எனக்குச் சொல். சூப் எப்படி இருந்தது என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா