பாதியில் விட்டவர்களையும் பேசச் சொல்லுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் வாசகர் வட்டம் நடத்திவரும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் கூட்டங்களுக்கு வந்துபோகிற ஒரு வாசகன் எழுதுகிறேன். கைக்காசு போட்டு டீ வாங்கி வைத்து, நாற்காலியை நீங்களே தூக்கிப் போட்டு, வருகிற பத்துப் பேருக்காகக் கூட்டம் நடத்துகிறீர்கள். உங்களிடம் கேட்டால் நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்த மடல்.

கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர்கள் எல்லோருமே ஒரு நூலைப் படித்து முடித்தவர்கள். பாதியில் விட்டவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். அப்படி ஓரிரு முறை வந்தவர் அப்புறம் வருவதே இல்லை. இனி ஒவ்வொரு கூட்டத்திலும் அரை மணி நேரம் ஒதுக்கி வந்தவர்கள் எல்லோரிடமும் கேளுங்கள். இப்போது என்ன படிக்கிறீர்கள்? எதை முடித்தீர்கள்? எதை விட்டுவிட்டீர்கள்? எந்த இடத்தில், ஏன்?

நூலகத்தில் நன்றாகப் புழங்கிய தடிமனான நாவல் ஒன்றை எடுத்து, திறக்காமல் பக்கங்களின் வெளி ஓரத்தை மட்டும் பாருங்கள். விரல் பட்டுப் பட்டு முன்பகுதி பழுப்பேறியிருக்கும். ஓர் இடத்துக்கு மேல் தாள் வெளுப்பாகவே இருக்கும். சில நூல்களில் அந்த எல்லை கோடு போட்ட மாதிரி தெரியும். பலரும் நிறுத்திய இடம் அதுதான். பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தாலும் இது புரியும். 2022-இலும் 2023-இலும் படம் வந்தபோது ஆளாளுக்கு முதல் பாகத்தைக் கேட்டார்கள். முதல் பாகம் முதுகு பிரிந்து டேப் ஒட்டிக் கிடக்கிறது; ஐந்தாம் பாகத்தின் அட்டை இன்னும் விறைப்பாக இருக்கிறது. நடுவில் விட்டவர்கள் எல்லோருக்கும் பிடிக்காமல் போய்விட்டது என்று நான் நம்பவில்லை. முதல் பாகத்தை முடித்துவிட்டு வந்தால் இரண்டாம் பாகம் வேறொருவர் வீட்டில் இருக்கும். அது திரும்பி வருவதற்குள் ஆர்வம் ஆறிவிடும். ஒரே கதையைப் படிக்கிற நாலு பேரை நீங்கள் சேர்த்து வைத்தால், பாகங்களை அவர்களே கைமாற்றிக்கொள்வார்கள்.

ஏன் விட்டார்கள் என்று கேட்டால்தான் இப்படிப்பட்ட காரணங்கள் வெளியே வரும். பென்னாகரம் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் ஓர் அக்கா நூலை எடுத்துப் போகிறார் என்று வையுங்கள். புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. அந்த ஒரு வாரம் மல்பெரி இலை வெட்டவும் போடவுமே பகலும் இரவும் போதாது. கூடு கட்டி, சந்தைக்குப் போய் வந்து அவர் மறுபடி உட்காரும்போது திருப்பித் தரும் தேதி தாண்டியிருக்கும். நூலைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். மறுபடி எடுக்கக் கூச்சப்படுவார். படிக்க ஆர்வமில்லை என்று அவரைப் பற்றி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பெரியவர்கள் பலர் விடுவதற்கு எழுத்து பொடியாக இருப்பதே காரணம். மலிவுப் பதிப்புகளில் வரிக்கு வரி இடமே விடுவதில்லை.

நானும் அண்மையில் ஒரு ரஷ்ய மொழிபெயர்ப்பு நாவலை நிறுத்திவிட்டேன். ஒரே ஆளுக்கு மூன்று பெயர். யார் யாருக்கு என்ன உறவு என்பதே பிடிபடவில்லை. யாராவது ஒரு துண்டுத்தாளில் பெயர்களை எழுதி உள்ளே செருகி வைத்திருந்தால் தொடர்ந்திருப்பேன். இப்போது நான் படித்த வரைக்கும் எழுதி வைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அடுத்து எடுப்பவர் மீதியை எழுதட்டும்.

நீங்கள் வாசகர் என்றே எண்ணாத கூட்டமும் இங்கே பெரிது. ஓசூர் சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் விடியற்காலையில் ஏறிப் பாருங்கள். பல பெண்களின் கையில் இருக்கும் போனில் பிரதிலிபி என்ற கதைச் செயலியின் தொடர்கதை ஓடிக்கொண்டிருக்கும். நூறு அத்தியாயம் தாண்டிய கதையையும் விடாமல் முடிக்கிறார்கள். எந்த இடத்தில் கதை இழுக்கிறது, எந்தப் பாத்திரத்தை எழுதியவர் மறந்துவிட்டார் என்று அவ்வளவு துல்லியமாகப் பேசுகிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, என்ன படிக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, இதெல்லாம் இலக்கியமா என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசி, தமிழில் படிக்கிறவர்களும் அந்த பஸ்ஸில் இருக்கிறார்கள். வட்டார வழக்கில் எழுதிய நூலை அவர்கள் ஏன் மூடிவைக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிய வேண்டாமா?

அப்புறம் டிஎன்பிஎஸ்சி பிள்ளைகள். நூலகம் திறந்ததிலிருந்து மூடும் வரை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை உள்ள பாடநூல்களோடு உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். அவர்கள் அளவுக்கு ஒரு நூலைத் திரும்பத் திரும்பப் படிப்பவர் நம் வட்டத்தில் யாருமில்லை. ஆனாலும் தேர்வு முடிந்ததும் நூலகத்தை விட்டுப் போய்விடுகிறார்கள். அதியமான் ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான் என்பதை அதியமானின் தகடூரிலேயே, அதாவது இன்றைய தருமபுரியிலேயே உட்கார்ந்து ஒரு மதிப்பெண் விடையாக மனப்பாடம் செய்கிறார்கள். புறநானூற்றின் 91-ஆம் பாட்டை உரையோடு எடுத்து அவர்கள் முன்னால் வையுங்கள். பெறுவதற்கு அரிய அந்தக் கனியின் பயனைத் தன் மனத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, சாகாமல் இருக்கட்டும் என்று எனக்குத் தந்தாயே என்று ஒளவை பாடுகிறாள். புறநானூற்றில் ஒளவையின் பாட்டு 33 இருக்கிறது. அவற்றில் பலவும் அதியமானைப் பற்றியவை. வினாத்தாளுக்கு அப்பாலும் அந்தப் பாட்டு இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பவை அவற்றில் மூன்று. பிடிக்காத நூலை மூடிவிட்டு வேறொன்றை எடுப்பவர் இந்த விதிகளின்படிதான் நடக்கிறார். அவர் மூடிய நூலுக்கு உரிய வாசகர் ஒருவேளை உங்கள் கூட்டத்தின் அடுத்த நாற்காலியில் இருக்கலாம். இருவரும் வாய் திறந்தால்தானே தெரியும்?

பேசக் கூச்சப்படுபவர்களுக்காக ஒரு சின்ன ஏற்பாடும் வேண்டும். நூலைத் திருப்பிக் கொடுக்கும் மேசையருகே ஒரு பெட்டி, பக்கத்தில் துண்டுச்சீட்டு. நூலின் பெயர், நிறுத்திய பக்கம், காரணம் எழுதினால் போதும். யார் எழுதியது என்று வேண்டாம். மாதம் ஒருமுறை அவற்றைப் படித்து, புதிய நூல் கேட்டு நீங்கள் அனுப்பும் பரிந்துரையோடு நூலகரிடம் கொடுங்கள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அதிக நூல் படித்தவருக்குப் பரிசு கொடுக்கிற அதே மேடையில், அந்தச் சீட்டுகளில் சிலவற்றையும் வாசித்துக் காட்டுங்கள்.

இன்னும் ஒரு வேண்டுகோள், நேரத்தைப் பற்றி. வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால் ஓய்வு பெற்றவர்கள் மட்டும்தான் வர முடியும். ஞாயிறு மாலை வையுங்கள். மாங்காய் சீசனில் தோப்புக்கும் மாங்கூழ் ஆலைக்கும் போகிறவர்கள் ஞாயிறும் வர முடியாது. அந்த மாதங்களில் பெட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகன்