அவமதித்த படம் பத்திரமாக இருக்கிறது, பதில் சொன்ன படங்கள் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இனவெறி நிறைந்த பழைய படங்களையும் புத்தகங்களையும் நீக்குவதா, வைத்திருப்பதா என்று சென்ற இதழில் வந்த விவாதத்தைப் படித்தேன். ஒரு தரப்பு ‘வரலாற்றை அழிக்காதே’ என்றது. இன்னொரு தரப்பு ‘எங்களைக் கேவலப்படுத்தியதை இன்னும் ஏன் ஓட்டுகிறாய்’ என்றது. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இத்தனை காலம் எது பாதுகாக்கப்பட்டது, எது தொலைந்து போனது என்ற கேள்வியை யாருமே தொடவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

1915-ல் அமெரிக்காவில் டி.டபிள்யூ. கிரிஃபித் எடுத்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தை எடுத்துக்கொள்வோம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு தெற்குக் கரோலினா சட்டமன்றத்தில் கறுப்பின உறுப்பினர்கள் உட்கார்ந்திருப்பதாக அதில் ஒரு காட்சி வருகிறது. ஒருவர் காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலை மேசைமேல் தூக்கிப் போடுகிறார். ஒருவர் கோழிக்கறியைக் கடித்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் ஒளித்து வைத்த பாட்டிலை எடுத்துக் குடிக்கிறார். இவர்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தால் இதுதான் நடக்கும் என்று பார்ப்பவர் மனதில் பதிய வைப்பதற்காகவே எடுத்த காட்சி அது. முக்கியமான கறுப்பினப் பாத்திரங்களில் நடித்ததோ முகத்தில் கரி பூசிக்கொண்ட வெள்ளையர்கள். கடைசியில் எல்லோரையும் காப்பாற்றக் குதிரையேறி வருவது கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு.

ஒழிந்து போயிருந்த அந்தக் கிளான் அமைப்பை அதே 1915-ல் ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டோன் மவுன்டன் குன்றில் மறுபடி தொடங்கினார்கள். ஆள் சேர்ப்பதற்கு இந்தப் படத்தையே பல ஆண்டுகள் போட்டுக் காட்டினார்கள். ‘பழைய படம்தானே, யாருக்கு என்ன கெடுதல்’ என்று சாதாரணமாகச் சொல்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு அப்போதே படத்தைத் தடை செய்யச் சொல்லித் தெருவில் இறங்கியது. ஒஹாயோ, கான்சாஸ் போன்ற மாநிலங்கள் தடையும் போட்டன. சரி, தடை நல்ல ஆயுதம்தானே என்று தோன்றும். ஐந்தே ஆண்டுகளில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

1920-ல் ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர் ‘விதின் அவர் கேட்ஸ்’ என்ற படத்தை எடுத்தார். கறுப்பினக் குடும்பம் ஒன்றை வெள்ளைக் கும்பல் பிடித்துத் தூக்கிலிட்டு எரிப்பதை நேருக்கு நேராகக் காட்டிய படம். கிரிஃபித் படத்துக்கான பதில் என்றே இன்று பலரும் அதைப் படிக்கிறார்கள். சிகாகோ தணிக்கை வாரியம் அதைப் பார்த்துவிட்டு, இனக் கலவரம் வரும் என்று முட்டுக்கட்டை போட்டது. முந்தைய ஆண்டுதான் அந்த நகரத்தில் பெரிய கலவரம் நடந்திருந்தது. படம் வெட்டுப்பட்டுத்தான் ஓடியது. தெற்கு மாநிலங்களில் பல அரங்குகள் திரையிடவே மறுத்தன. அவமதித்த படத்தின் மேல் வீசச் சொன்ன அதே கத்தி, அவமதிக்கப்பட்டவரின் படத்தின் மேல் விழுந்தது. தடை கேட்கும் நண்பர்களிடம் நான் கோபப்படவில்லை, அவர்களுடைய வலி எனக்குப் புரிகிறது. ஆனால் கத்தி எப்போதும் அதிகாரத்தில் இருப்பவர் கையில்தான் இருக்கும்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவே முடியாதது. கிரிஃபித் படத்தின் பிரதிகள் பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டன. 1992-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் அது சேர்க்கப்பட்டது. மிஷோவின் படமோ பல பத்தாண்டுகள் காணாமலே போயிருந்தது. எஞ்சிய ஒரே பிரதி ஸ்பெயினில், ‘லா நெக்ரா’ என்ற பெயரில் கிடந்தது. மௌனப் படம் என்பதால் இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை ஸ்பானிஷிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்துதான் 1993-ல் நாடாளுமன்ற நூலகம் அதை மீட்டெடுத்தது. அப்படியும் நடுவில் ஒரு பகுதி இல்லை. அந்த இடத்தில் ஓர் அட்டை மட்டும் கதையைச் சொல்லிவிட்டு நகர்கிறது. நாற்பதுக்கும் மேல் படம் எடுத்த மனிதர் அவர். அவருடைய மௌனப் படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்றே மூன்று.

‘எல்லாவற்றையும் பாதுகாப்போம்’ என்று இப்போது பெருந்தன்மையாகச் சொல்கிறோம். எல்லாவற்றையும் என்றைக்குப் பாதுகாத்தோம்?

இதனால் கிரிஃபித் படத்தைக் கொளுத்தச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இருக்க வேண்டும். எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் என் பேச்சு. ஜெர்மனியில் நாஜிகள் எடுத்த பிரசாரப் படங்களில் நாற்பது போல இன்றும் தனி வகையில் வைக்கப்பட்டிருக்கின்றன. 1940-ல் யூதர்கள் மேல் வெறுப்பை ஊட்ட எடுத்த ‘யூத் ஸுஸ்’ அதில் ஒன்று. இவற்றைக் கடையில் வாங்க முடியாது, தொலைக்காட்சியில் போட மாட்டார்கள். ஆனால் பார்க்க வேண்டும் என்றால் பார்க்கலாம்: விவரம் தெரிந்த ஒருவர் முதலில் அறிமுகம் செய்து, படம் முடிந்தபின் விவாதமும் நடத்த வேண்டும். படத்தை அழிக்கவில்லை, அதை வைத்துக் காசு பார்க்கவும் விடவில்லை. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது.

எல்லாப் படத்துக்கும் இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. 2020 ஜூன் மாதம் எச்.பி.ஓ. மேக்ஸ் ஓடிடி தளம், அடிமை முறையை அழகாகக் காட்டியது என்ற எதிர்ப்பு வந்த 1939-ன் ‘கான் வித் தி விண்ட்’ படத்தைத் தூக்கியது. இரண்டு வாரத்தில் அதே படம், ஜாக்குலின் ஸ்டூவர்ட் என்ற கறுப்பினத் திரைப்பட ஆய்வாளரின் சில நிமிட அறிமுகத்தோடு திரும்பி வந்தது. அதில் நடித்த ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். விருது விழாவில் அவரைத் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தப் படத்தைப் பார்ப்பது வேறு, தெரியாமல் பார்ப்பது வேறு. படம் தொடங்குமுன் பத்து நொடி வந்து போகும் எச்சரிக்கை வரியால் அந்த வேலை நடக்காது.

குழந்தைகள் புத்தகத்தில் மட்டும் என் நிலை கொஞ்சம் வேறு. 2021-ல் டாக்டர் ஸூஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் புத்தகங்களில் ஆறை இனி அச்சிடுவதில்லை என்று உரிமையாளர்களே நிறுத்தினார்கள். ஆசிய, ஆப்பிரிக்க மக்களைக் கேலிப்படமாக வரைந்த பக்கங்கள் அவற்றில் இருந்தன. படித்துக் காட்ட ஆள் இல்லாமல் தனியாகப் புரட்டும் நாலு வயதுக் குழந்தை கையில் அவை போய்ச் சேராதது நல்லதுதான்.

ஆனால் சத்தமில்லாமல் திருத்துவதை என்னால் ஏற்கவே முடியாது. ரோல்டு டால் 1964-ல் எழுதிய ‘சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி’யில் ஊம்பா லூம்பாக்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட குள்ள மனிதர்கள். ஆலையில் வேலை, கூலியாக கோகோ விதை. 1970-களின் பதிப்பில் அவர்களை வெள்ளைத் தோலுள்ளவர்களாக மாற்றினார்கள். எதிர்ப்பு வந்ததால் மாறியது என்பது இன்று அதைப் படிக்கும் பெரியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாற்றட்டும், ஆனால் பின்பக்கத்தில் நாலு வரி எழுதி மாற்றட்டும். இல்லாவிட்டால் பதிப்பாளர் பெயர்தான் சுத்தமாகும். எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களின் உழைப்பு காணாமல் போகும்.

தங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். இந்த விவாதம் தொடரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த முறை நீக்கப்பட்ட படங்களின் பட்டியலைப் போடும்போது, பக்கத்திலேயே மிஷோவைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை போடுங்கள். ‘விதின் அவர் கேட்ஸ்’ இன்று இணையத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கிறது, ஒன்றேகால் மணி நேரப் படம்தான். வாசகர்கள் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்