எக்கோ சவுண்டர் சென்சார் பராமரிப்பு குறித்து

பாம்பன், மண்டபம் பகுதி உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்து செய்யும்போது, ஒலி அனுப்பிக் கடலின் ஆழத்தையும் மீன்களையும் திரையில் காட்டும் எக்கோ சவுண்டர் கருவிக்காகப் படகின் அடிப்பகுதியில் பொருத்தியுள்ள சென்சாரையும் தவறாமல் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அது மின்துடிப்பை ஒலியாக்கி நீருக்குள் அனுப்பி, கடலின் தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்பும் எதிரொலியை மீண்டும் மின்குறிப்பாக மாற்றித் தருகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்வதால், 9 மீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி வர 12 மில்லி நொடியே ஆகும். மீனின் காற்றுப்பைதான் ஒலியை வலுவாகத் திருப்புகிறது என்பதால், அப்பை இல்லாத கணவாய் திரையில் மங்கலாகவே தெரியும். அதைக் கருவியின் கோளாறு என்று எண்ணிப் புதிது வாங்குவது வீண் செலவு.

சென்சாரின் முகப்பில் ஒட்டிய கொட்டலசை (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு உயிரி) கத்தியால் சுரண்டாமல், ஊறவைத்து மெதுவாக அகற்ற வேண்டும். அடிப்பகுதிக்குப் பூசும் செம்பு கலந்த பெயிண்டைப் பெயிண்ட் அடிப்பவர்கள் சென்சார்மீதும் சேர்த்துப் பூசிவிடுகிறார்கள் (கேட்டால் அழகுக்கு என்பார்கள்). அது எதிரொலியை மங்கச் செய்யும் என்பதால், அந்த வேலையின்போது உரிமையாளர்கள் உடனிருப்பது நல்லது.

கருவி அனுப்பும் ஒலியின் அதிர்வெண்ணைப் பொறுத்தவரை, பாக் நீரிணையின் குறைந்த ஆழத்தில் 50 கிலோஹெர்ட்ஸைவிட 200 கிலோஹெர்ட்ஸே தெளிவாகக் காட்டும்.